தளை தட்டிய எஞ்சின்

ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவதில் எங்கள் பழைய பெட்ரோல் கார் குலுங்கி நின்றுபோனது. பின்னால் பேருந்து. பின்னிருக்கையில் 78 வயது அம்மா. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்த அந்தச் சில நிமிடங்களை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

ஒரு மாதமாகவே வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காலையில் மூன்று முறை சாவியைத் திருப்பினால்தான் உயிர் வரும். சிக்னலில் நின்றால் உடல் நடுங்கும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடியது 12க்கு இறங்கியிருந்தது. நாங்களோ பெட்ரோல் பங்க்காரரை ஐயுற்றோம். வீட்டில் இருவருமே யாப்பு நடத்துகிறவர்கள். மாணவர் வெண்பாவில் தளை தட்டினால் செவி உடனே உறுத்தும். நான்கு சிலிண்டர்களுள் ஒன்று தாளம் தப்பியது மட்டும் எட்டவில்லை.

ஒருவாறு மலையிறங்கிச் சேலத்தில் மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் முனை தேய்ந்து, இடைவெளி அகன்றிருந்தது. இடைவெளி கூடினால் பொறி தாவ மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது அது தவறிவிடும் என்றார். சாதாரண நிக்கல் பிளக்கை 30,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டுமாம். நாங்கள் 60,000 கடந்திருந்தோம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும். அதன் விலைக்கு முன் நான்கு பிளக்குகள் எம்மாத்திரம்!

அம்மா இப்போதெல்லாம் காரில் ஏறுமுன், “பிளக்கெல்லாம் பார்த்தாச்சா?” என்கிறார்.