கடல் இருந்தும் கரி

மாட்டுங்காவின் விடியற்காலை மும்பையைச் சேர்ந்தது போலவே இருக்காது. ஃபில்டர் காபி மணம், தொடுத்த மல்லிகை, கோயில் மணி. பொழுது ஏற ஏற டாக்டர் அம்பேத்கர் சாலையில் பஸ்களும் டெம்போக்களும் உறும ஆரம்பித்துவிடும்.

நான் தங்கியிருந்த உறவினர் வீடு அந்தச் சாலையைப் பார்த்த முதல் மாடி. ஜன்னல் கம்பியைத் தொட்டேன். விரல் நுனியில் மை ஒட்டியது போல் கரி. "நேத்துதான் துடைச்சேன்" என்றார் மாமி, ஏதோ தன் குற்றம் போல.

ஏழு தீவுகளை இணைத்து உருவான ஊர். கடல்காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடாதா? மழைக்காலத்தில் போகிறது. குளிர்காலத்தில் பகலில் வீசும் கடல்காற்று தாமதமாக, வலுவில்லாமல் வருகிறது. இரவில் நிலக்காற்று. இருபுறமும் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் சாலையில் புகை தங்கிவிடுகிறது.

மும்பை சும்மா இருக்கவில்லை. 1990களின் இறுதியில் புகையால் பாதிக்கப்பட்ட குடியிருப்புவாசிகள் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அதன் பலனாகப் பழைய டாக்ஸிகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. டீசலில் கந்தகத்தின் வரம்பு 50 பி.பி.எம்.மிலிருந்து 10 ஆகக் குறைந்தது. புது டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. ஆனால் பழைய வண்டிகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை.

"முன்னெல்லாம் டாக்ஸி பின்னாடி கறுப்பா தெரியும், மூக்கைப் பொத்திப்போம். இப்போ தெரியறதில்லை, பொத்திக்கறதும் இல்லை" என்கிறார் மாமி.

ஆபத்து அங்கேதான். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள் நுரையீரலின் ஆழம்வரை போகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. இந்த நுண்துகளுக்கு அந்த நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியா அனுமதிப்பது 40.

மாமாவுக்கு ஐந்தாறு வருடமாக ஆஸ்துமா. கடல் பார்க்கத்தான் இந்த ஊருக்கு வந்தோம் என்று சிரிக்கிறார். எழுந்துபோய்ச் சாலைப்பக்க ஜன்னலைச் சாத்துகிறார்.

"மறுபடி எப்போது திறப்பீர்கள், மாமா?"

"ஜூன்ல. மழை வரட்டும்."