விலங்குப் பண்ணையில் ஒரு சிவப்பு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு ஒரு பண்ணை உண்டு. 2004-இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் தொடங்கியது. தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை அதில் சேர்த்துவிடுகிறார்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர். மூல நிரலில் யாராவது கை வைத்தால் போதும், இந்த விலங்குகள் அதை இறக்கி, பில்ட் செய்து, சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு.

சிவப்பு வந்த பிறகுதான் வேலையே. கோளாறு நிரலிலா, கணினியிலா, வட்டு நிரம்பிவிட்டதா, நேற்று புதுப்பித்த ஏதோ ஒரு நூலகமா? பாதி நாள் இதிலேயே போய்விடும். பாராட்டவும் ஆளிருக்காது.

ஆனால் இப்படித் தோண்டுவது சில சமயம் பெரியதொன்றைக் காட்டிக்கொடுக்கும். 2024 மார்ச். போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி இழுத்தது. சில வாரங்களுக்கு முன் போஸ்ட்கிரெஸின் தானியங்கிச் சோதனையில், நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி முணுமுணுத்த விநோதமான புகார் அவருக்கு நினைவுக்கு வந்தது. தோண்டினார். எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு!

அதை ஒளித்துவைத்த இடம்தான் வயிற்றைக் கலக்குகிறது: சோதனைக் கோப்புகள். பில்ட் ஓடும்போது ஒரு ஸ்கிரிப்ட் அவற்றைப் பிரித்து நூலகத்துக்குள் நுழைத்துவிடும். ஒரு கோப்பின் பெயரிலேயே ‘கெட்டது’ என்றிருந்தது. சோதனைக்கென்றே கெடுத்துவைத்த கோப்பு என்றால் யார்தான் பிரித்துப் பார்ப்பார்கள்?