இறக்கத்தில் எந்தக் கியர்?

"பெண்பிள்ளைக்கு ஓட்டோ கியர்தான் வசதி" என்கிறார்கள் எங்கள் உறவினர்கள். அடுத்த வருடம் 18 வயதானதும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க இருக்கும் நானோ, முதலில் எங்கள் பாதையை நினைத்துப் பார்க்கிறேன்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பாதை தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி வளைகிறது. வழிநெடுக பிரேக்கையே மிதித்து வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் வந்தால் எஞ்சினே வாகனத்தை இழுத்துப் பிடிக்கும். "ஏறும் கியரிலேயே இறங்கு" என்பது மரக்கறி லொறி ஓட்டும் வாப்பாவின் பாடம்.

ஏற்றத்தில் நின்று புறப்பட ஓட்டோ இலகுதான். பின்னால் உருளும் பயம் குறைவு. இறக்கத்துக்கென்று பல ஓட்டோ வாகனங்களில் ‘எல்’ அல்லது ‘2’ உண்டு. ஆனால் ‘டி’யில் போட்டபின் அதை மறந்துவிடுவது சுலபம். மெனுவலில் கியரை நாமே மாற்றுவதால் இறக்கமும் நினைவில் நிற்கும். மூடுபனிக்கு அப்பால் வளைவு இருப்பதை எந்த வாகனமும் அறியாது. ஓட்டுபவர்தான் அறிய வேண்டும்.

ஆகவே மெனுவலில்தான் பழகப் போகிறேன். வாப்பா லொறியோடு கொழும்புக்குப் போகும் இரவுகளில் உம்மாவுக்கு இழுப்பு வந்தால், இப்போது அயலவரின் கதவைத் தட்டி ஓட்ட ஆள் தேடுகிறோம். இன்ஷா அல்லாஹ், இனிச் சாவியை மட்டும் கேட்டால் போதும். அது எந்தக் கியர் வாகனமாக இருந்தாலும் சரி.