சித்தப்பா கேட்ட டெஸ்ட்

போன தை மாசம் ஒரு சாயங்காலம், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில நானும் சித்தப்பாவும் சும்மா உட்கார்ந்திருந்தோம். திடீர்னு கேட்டார்.

"ஏன்டா, நீ பயோகெமிஸ்ட்ரிதானே படிக்கிற? இந்த டிப்ரெஷனுக்கு ரத்தத்துல ஏதாவது டெஸ்ட் இருக்கா? இருந்தா சொல்லு, எடுத்துக்கறேன். டாக்டர்கிட்ட உட்கார்ந்து கதை சொல்றதெல்லாம் நம்மால ஆகாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஆறு மாசமா அவருக்குச் சரியான தூக்கம் இல்லை, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறார், எல்லாம் தெரியும். வருஷம் தவறாம சொர்க்கவாசலுக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பற மனுஷன், இந்தத் தடவை "டிவியில பார்த்துக்கறேன்"னு படுத்துட்டார். ஆனா வீட்டுல ஒருத்தரும் அதை நோய்னு நினைக்கலை (நானும்தான்). "அவன் எப்பவுமே கோவக்காரன்" என்பதோட முடிஞ்சுது.

அவர் ஏன் டெஸ்ட் கேட்டார்னு எனக்குப் புரிஞ்சுது. ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு இதே மாதிரி ஆச்சு. அம்மா அழுதாங்க, அதனால எல்லாருக்கும் தெரிஞ்சுது. உடனே ஒன்னாம் நம்பர் பஸ் பிடிச்சு தில்லைநகர் போய், தைராய்டு, ஹீமோகுளோபின்னு ரத்தம் கொடுத்துட்டு வந்தோம். டி.எஸ்.எச். எக்கச்சக்கமா ஏறியிருந்தது. தினம் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, சில மாசத்துல பழைய அம்மா. சித்தப்பா அதைக் கூட இருந்து பார்த்தவர். தனக்கும் அப்படி ஒரு நம்பர் கிடைச்சா யார்கிட்டயும் எதையும் சொல்ல வேண்டாமேன்னு ஒரு நப்பாசை.

"பார்த்துச் சொல்றேன் சித்தப்பா"ன்னு வந்து படிக்க உட்கார்ந்தேன். பதில் என்னவோ "இல்லை"தான். ஆனா ஏன் இல்லைங்கிற கதையில ஆம்பளை பொம்பளை விவகாரம் நிறைய இருக்கு.

இதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் வந்துச்சு மக்களே. 1981-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து பெர்னார்ட் கேரல் குழு எழுதின டெக்சாமெத்தசோன் டெஸ்ட். ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் மாத்திரை. மறுநாள் சாயங்காலம் 4 மணிக்கும் ராத்திரி 11 மணிக்கும் ரத்தம் எடுத்து கார்ட்டிசால் பார்க்கணும். நல்லா இருக்கிற உடம்பு, மாத்திரை உள்ள வந்ததும் "போதும்"னு கார்ட்டிசால் சுரக்கிறதைக் குறைச்சுக்கும். குறையாம டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டி நின்னா, கடுமையான டிப்ரெஷனா இருக்கலாம். மனநல டாக்டர்களுக்கு ஒரே சந்தோஷம், நமக்கும் ஒரு லேப் டெஸ்ட் வந்தாச்சுன்னு! ஆனா நிஜமாவே டிப்ரெஷன் இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அதுல சிக்கவே இல்லை. சும்மா எடை குறைஞ்சவங்க, குடியை நிறுத்தினவங்க எல்லாம் மாட்டிக்கிட்டாங்க. 1987-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழுவே இதை வழக்கமான டெஸ்ட்டா வெச்சுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

பொம்பளைங்களுக்கு இன்னொரு சிக்கல். ரத்தத்துல ஓடுற கார்ட்டிசால்ல 90 சதவீதத்துக்கு மேல ஏதாவது ஒரு புரதத்தோட ஒட்டிக்கிட்டுதான் ஓடும். ஈஸ்ட்ரோஜன் ஏறினா அந்தப் புரதமும் ஏறும். அதனால கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் மொத்தக் கார்ட்டிசால் அதிகமாத்தான் காட்டும். மனசுல ஒரு கவலையும் இருக்காது, ரிப்போர்ட் மட்டும் பாசிட்டிவ்! எச்சில்ல பார்த்தா இந்தத் தொல்லை பெருமளவு இல்லை, அதுல ஒட்டாத கார்ட்டிசால்தான் வரும்.

எச்சில்னதும் ஞாபகம் வருது. 2014-ல் கேம்பிரிட்ஜ்காரங்க 1,858 டீன் ஏஜ் பசங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. காலை நேர எச்சில்ல கார்ட்டிசால் அதிகம், கூடவே மனச்சோர்வு அறிகுறியும் அதிகம்னா, ரெண்டும் குறைவா இருக்கிற பையனைவிட அந்தப் பையனுக்கு டிப்ரெஷன் வர வாய்ப்பு 14 மடங்கு. பொண்ணுங்களுக்கு? 4 மடங்குதான், அதுலயும் கார்ட்டிசால் புதுசா எதையும் சொல்லலை. அதாவது பசங்களுக்கு மட்டும் வேலை செய்யற டெஸ்ட். (சித்தப்பாகிட்ட இதைச் சொன்னதும் கண்ணு பளிச்சுன்னு ஆச்சு. "உங்களுக்கு வயசு 52 சித்தப்பா"ன்னேன்.)

2017-ல் இறந்தவங்களோட மூளையை எடுத்து, டிப்ரெஷன்ல எந்தெந்த ஜீன் கூடுது குறையுதுன்னு பார்த்தாங்க. ஆண் பட்டியலுக்கும் பெண் பட்டியலுக்கும் பொதுவா இருந்தது ரொம்பக் கொஞ்சம். நோய்க்கு ஒரே பேர், உள்ள நடக்கிறது வேற வேற! இதை ஏன் முன்னாடியே பார்க்கலைன்னா, ஆராய்ச்சியில எலிகூட ஆம்பளை எலிதான். 2009-ல் வந்த நரம்பியல் கட்டுரைகளை எண்ணினப்ப, ஆண் விலங்கை மட்டும் வெச்சுப் பண்ணின ஆய்வு, பெண் விலங்கை மட்டும் வெச்சதைப்போல 5.5 மடங்கு இருந்துச்சாம்.

ஆக லேப் கைவிட்டுடுச்சு. மிச்சம் இருக்கிறது கேள்வித்தாள். சென்னையில 'க்யூர்ஸ்' ஆய்வுக்காரங்க 25,000 பேருக்கு மேல கேள்வி கேட்டு 2009-ல் வெளியிட்டாங்க. டிப்ரெஷன் பெண்கள்ல 16.3 சதவீதம், ஆண்கள்ல 13.9. அப்படியே இந்தப் பக்கம் திரும்பினா, 2022-ல் இந்தியாவுல தற்கொலை பண்ணிக்கிட்டவங்க 1,70,924 பேர், அதுல நூத்துக்கு 72 பேர் ஆண்கள். தற்கொலைக்கு ஆயிரம் காரணம் இருக்கும்தான். ஆனாலும் கேள்வித்தாள்ல "அதெல்லாம் ஒன்னுமில்லை"ன்னு எத்தனை சித்தப்பாக்கள் எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தோணாம இல்லை.

கடைசியா அவரை ஒரு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். அவரும் முதல்ல ரத்தம்தான் எடுக்கச் சொன்னார். டிப்ரெஷனைக் கண்டுபிடிக்க இல்லை, டிப்ரெஷன் மாதிரி வேஷம் போடறதை எல்லாம் கழிச்சுக்கட்ட. தைராய்டு, பி12, சர்க்கரை, ஹீமோகுளோபின் (இதுலயும் ஆம்பளைக்கு 13, பொம்பளைக்கு 12-ன்னு கோடே வேற). எல்லாம் நார்மல். திரும்பி வர்ற பஸ்ல, காவேரிப் பாலம் முழுக்க ரிப்போர்ட்டையே பார்த்துக்கிட்டு வந்தார். "எல்லாம் நார்மல்னு போட்டுட்டானேடா" என்றார், அரியர் விழுந்தவன் மாதிரி.

அடுத்த தடவை டாக்டர் ஒன்பது கேள்வி இருக்கிற தாளை எடுத்தார். போன ரெண்டு வாரத்துல எதுலயாவது ஆர்வம் குறைஞ்சுதா, மனசு சோர்ந்து இருந்துதா... சித்தப்பா வரிசையா "இல்லைங்க, இல்லைங்க". டாக்டர் தாளை ஓரமா வெச்சுட்டு, "கோவம் எப்படி வருது?"ன்னார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே வந்துட்டேன்.

நாற்பது நிமிஷம் ஆச்சு. அந்தத் தாள்ல ஒன்பதாவது கேள்வி, செத்துப்போயிடலாம்னு தோணுதாங்கிறது. அதுக்கு என்ன சொன்னார்னு நான் இதுவரைக்கும் கேட்கலை.

இப்ப மாத்திரை சாப்பிடறார், மாசம் ஒரு தடவை தனியாவே போய் டாக்டரைப் பார்த்துட்டு வர்றார். அந்த நார்மல் ரிப்போர்ட்டை மட்டும் பீரோவுல பத்திரமா வெச்சிருக்கார். எதுக்குன்னு கேட்டா, "நீ படிச்சு முடிச்சு டெஸ்ட் கண்டுபிடிச்சா, பழசோட ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?"ங்கிறார்.