தைத்த வேல்

நட்பின் தன்மையை ஆராயுமிடத்து, யானையையும் நாயையும் அருகருகே நிறுத்திக் காட்டுகின்றது நாலடியார். நெடுநாள் பழகிய பாகனையும் யானை ஒருநாள் கொன்றுவிடக்கூடும். நாயோ, தன்மீது வேல் எறிந்தவனைக் கண்டும் அன்பு காட்டும் என்பது அச்சமண முனிவர் உவமையின் கருத்து. வகுப்பறையில் இதனை விளக்கும் ஆசிரியரும் கேட்கும் மாணவரும் நாயின் நன்றியை வியந்தவாறே அடுத்த பாட்டிற்குச் சென்றுவிடுவர். வேல் எறிந்தவனைப் பற்றி எவரும் வினவுவதில்லை.

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கதையில் அவ்வினாவிற்கு இடமுண்டு. ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் ரப்பர் செழித்திருந்த நாள்களில் லயத்திற்கு லயம் நாய்கள் இருந்தன. விடியுமுன் பிரட்டு முடிந்து, நெற்றி விளக்குடன் தொழிலாளர் நிரைக்குச் செல்லும்போது அவையும் உடன் செல்லும். புதரில் பாம்பு கிடந்தால் முதலில் அறிவது நாய். காட்டுப்பன்றி வந்தால் குரைத்து விரட்டுவதும் நாய். மாலையில் அஞ்சடியில் படுத்து வீட்டைக் காக்கும். மீந்த சோறும் கருவாட்டுத் தலையுமே அதற்குக் கூலி.

காலம் மாறிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் சுற்றுப்புறங்களில் தோட்ட நிலங்கள் நகரங்களாயின. லயங்களை விட்டுப் பலர் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். சாமி படத்திற்கும் அம்மிக்கும் அங்கே இடம் கிடைத்தது, நாய்க்குக் கிடைக்கவில்லை.

ரந்தாவ் அருகே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய மூதாட்டி ஒருவரும் அவ்வாறு பெயர்ந்தவரே. சாமான் ஏற்றிய லோரியின் பின்னால் அவருடைய நாய் பெருஞ்சாலை வரை ஓடிவந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். லோரியை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது லயம் இடிக்கப்பட்டிருந்தது. பெயர் சொல்லி அழைத்தும் எதுவும் வரவில்லை.

ஆண்டுகள் பல சென்றன. மகன் வாங்கிய வீட்டிற்கு வாசற்கதவும் சிறு முற்றமும் இருந்தன. ஒருநாள் செம்பனைத் தோட்டத்துச் சாலையோரம் செந்நிறப் பெண்நாய் ஒன்று கிடந்தது. அதன் கழுத்தில் இறுகிய கயிறு தோலை அறுத்திருந்தது. மகன் அதனைச் சாக்கில் கிடத்திக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றான். புண் ஆறியது. தடுப்பூசியும் கருத்தடையும் முறைப்படி நடந்தன. ஆயினும் அச்சம் ஆறவில்லை. துணி துவைக்கும் கல்லின் பின்னால் அது ஒடுங்கியே கிடந்தது. எவரேனும் துடைப்பத்தைக் கையில் எடுத்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்து நடுங்கியது.

"கட்டிப் போட்டா தானா பழகிடும்மா" என்றான் மகன்.

"கட்டினவன் கையிலிருந்துதானே வந்திருக்கு. அதுவா வரட்டும் தம்பி" என்றார் தாய்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் தட்டை இருமுறை தட்டிச் சோறு வைப்பார். ஐந்தடி தள்ளி ஒரு பலகையில், நாய்க்கு முதுகு காட்டி அமர்ந்து, வெங்காயம் உரிப்பார். அதன் கண்ணை நேராக நோக்கமாட்டார். அஞ்சிய நாய் உற்றுப் பார்ப்பதை மிரட்டலாகவே கொள்ளும். சில நாளுக்கு ஒருமுறை பலகை ஒரு சாண் நெருங்கும். 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ருசிய அறிஞர் பாவ்லோவ், உணவிற்கு முன் ஒலி எழுப்பிப் பழக்கினால் ஒலி கேட்டதுமே நாயின் வாயில் நீர் ஊறும் என்று காட்டினார். அச்சமும் இவ்வாறே படிகின்றது. ஓங்கிய கோலும் வலியும் சேர்ந்தே வந்தமையால், கோல் மட்டும் தெரிந்தாலும் உடல் வலிக்கு அணியமாகின்றது. தட்டின் ஒலியும் வலியற்ற வேளையும் பன்முறை சேர்ந்து வந்தால்தான் பழைய பாடத்தின் மேல் புதிய பாடம் எழுதப்படும். அம்மூதாட்டி பாவ்லோவைப் படித்தவரல்லர், காத்திருக்கத் தெரிந்தவர்.

இடையில் தீபாவளி வந்தது. வெடி ஒலியில் நாய் மீண்டும் கல்லின் பின்னால் புகுந்து இருநாள் உண்ணவில்லை. இத்தனை நாள் உழைப்பும் வீணாயிற்றே என்று மகன் வருந்தினான். தாய் ஒன்றும் கூறாது பலகையை எடுத்துப் பழைய ஐந்தடித் தொலைவில் போட்டு அமர்ந்தார்.

நான்கு திங்கள் கழித்து ஒரு காலையில் ஈரமான மூக்கு ஒன்று அவர் முழங்கையைத் தொட்டது. அவர் திரும்பவில்லை. கை மட்டும் வெங்காயத்தின்மேல் சற்று நின்று, பின் தன் வேலையைத் தொடர்ந்தது. மறுநாளும் மூக்கு வந்தது. அதற்கு மறுநாள், தலைக்கு மேல் கையை ஓங்காமல், தாடைக்குக் கீழே மெல்ல நீட்டினார்.

இன்று அந்நாய் அவரைக் கண்டால் வாலசைக்கின்றது. கொடியில் புதுக்கயிறு கட்டும் நாளில் மட்டும் கல்லின் பின்னால் போய்விடும். அவர் அதனை வற்புறுத்தி அழைப்பதில்லை.

மலேசியாவின் 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம், வதைத்தவனுக்கு முதலில் விதித்த உச்சத் தண்டம் 200 வெள்ளிதான். 2017இல் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமோ 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை தண்டமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமளிக்கின்றது. வேண்டிய மாற்றமே. எனினும் தண்டம் எறிபவன் கையைத் தடுக்கலாம். முன்பே தைத்த வேலினைப் பிடுங்க ஒரு பலகையும் நான்கு திங்களும் வேண்டியிருக்கின்றன.

லோரியின் பின்னால் ஓடிவந்த நாயிடம் அம்மூதாட்டி இனிப் பொறுத்தருள வேண்ட இயலாது. அதன் பெயரைப் புதிய நாய்க்கு அவர் சூட்டவுமில்லை. வேல் தைத்தும் வாலசைப்பது நாயின் பெருமை என நாலடியார் கற்பிக்கின்றது. அப்பெருமையை நம்பி மனிதன் வேலினை எறிந்துகொண்டே இருத்தல் ஆகாது என்பதை, நாள்தோறும் காலையில் அத்தட்டின் ஒலி கற்பித்துக்கொண்டிருக்கின்றது.