மடுவில் சண்டை பிடித்த தாய்

ஆகஸ்ட் 15, மடு மாதா திருவிழா. சென்ற வருடம் எமது கிராமத்துப் பெண்களுடன் நானும் பஸ்சில் போனேன்.

ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தைக் கத்தோலிக்கர் மாதாவின் சொரூபத்துடன் ஒளித்து வந்து சேர்ந்த காடு இது என்பர். 1990களில் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு இதுவே நிழல். 1999 நவம்பரில் இங்கும் எறிகணைகள் வீழ்ந்து, சிறுவர்கள் உட்படப் பலர் இறந்தனர். 2008 ஏப்ரலில் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் திரும்பியது. மாதாவும் எங்களைப் போல் அகதியாய் இருந்தவர்தான்.

எல்லோரும் மெழுகுதிரி ஏற்ற, ஓர் அம்மா வெறுங்கையுடன் நின்றார். 2009இல் மகனைத் தொலைத்தவர்.

"நேர்த்தி ஒண்டும் இல்லையோ அம்மா?"

"நான் சண்டை பிடிக்க வந்தனான் பிள்ளை. அவவும் மகனைப் பறிகுடுத்தவதானே, அவவுக்கு விளங்கும்."

நான் வாயடைத்துப் போனேன். 'கவலையை விட்டுச் செபியுங்கோ' என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

சற்று நேரத்தில் அந்த அம்மா, மரநிழலில் அழுதுகொண்டிருந்த ஓர் இளம்பெண்ணின் அருகில் அமர்ந்து, தன் போத்தல் தண்ணீரைக் கொடுத்தார்.

வழிபட வேண்டிய இடம் இந்த மலையா, எருசலேமா என்ற பேச்சைச் சமாரியப் பெண் எடுத்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. இடமல்ல, உள்ளத்தின் உண்மையே பெரிது என்பதே இயேசுவின் பதில். கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ள வந்த ஒரு பெண்ணுக்கே அதைச் சொன்னார்.

சகோதரிகளே, எங்கள் கோபத்தையும் கண்ணீரையும் மறைக்காமல் கடவுளிடம் கொண்டு போவோம். திரும்பும்போது, பக்கத்தில் அழுபவளையும் ஒரு தடவை பார்ப்போம்.