எடைச்சீட்டு

தோவாளைப் பக்கம் சாலையோரத்து டீக்கடை. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. பூச்சந்தைக்குப் போகும் சைக்கிள்களும் மினி ஆட்டோக்களும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வரிசையாக டாரஸ் லாரிகள். ராதாபுரம், வள்ளியூர் வட்டாரத்துக் குவாரிகளில் ராத்திரியே ஏற்றிய கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து, நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன.

எனக்கு நேர் எதிரே நிற்கும் லாரியில் எம்-சாண்ட். பெட்டியின் பக்கத் தகட்டுக்கு மேல் இன்னொரு தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அதையும் மீறி மணல் குவிந்து நிற்க, தார்ப்பாய் பாதிவரைதான் எட்டியிருக்கிறது. கமான் பட்டைகள் வளைவு போய் நேராகப் படுத்துவிட்டன. பின் டயர்கள் தரையில் படும் இடத்தில் பிதுங்கியிருக்கின்றன. கழுவிய ஈரம் காயாமலே ஏற்றியதால் பின்கதவு இடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கும் எடை உண்டு.

டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, சத்தத்தைக் கவனித்துக் கேட்கிறார். வேலை தெரிந்த பிள்ளை.

"என்னடே, பாரம் கூடுதலா இருக்க மாதிரி இருக்கே?" என்கிறார் கடைக்காரர்.

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? ஜேசிபிக்காரன் அள்ளிப் போடுதான். ஓனர் போன்ல எத்தனை யூனிட்டுன்னுதான் கேக்கார். கொறச்சு ஏத்துனா நாளைக்கு வேற ஆளு வண்டிய எடுப்பான்."

டீயைக் குடித்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொள்கிறார். எத்தனை நடை ஓடுகிறாரோ அதற்குத்தான் காசு. கூடுதல் பாரத்தால் வரும் லாபத்தில் அவருக்கு ஒரு டம்ளர் டீ அளவுகூட வராது.

மத்திய அரசு 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பைத் தாராளமாகவே உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆயிற்று. இரட்டை அச்சுக்கு 19 டன் 21 ஆனது. ஓவர்லோடு என்று நாம் பேசுவது இந்த உயர்த்திய வரம்பையும் தாண்டி ஏற்றுவதை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை தனியாகச் சாலை போட்டு, லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் எடை கூடக்கூடச் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடியில் கூடுகிறது என்பது அதில் கிடைத்த பாடம். எடை ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே சேதம் இரண்டு மடங்காகிறது. இந்த மாவட்டத்துச் சாலைகளில் பைக்கில் போகிறவர்களின் இடுப்புக்கு அந்தக் கணக்கு தெரியும்.

பிரேக்கின் கதை இன்னும் மோசம். எடை எவ்வளவு கூடுகிறதோ, வண்டியை நிறுத்த அவ்வளவு ஆற்றலை பிரேக் டிரம் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதித்து, பிடிப்பு தளர்ந்துவிடும். அதன் பிறகு டிரைவர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்காது. சில நேரம் மோதல்கூடத் தேவையில்லை. 2024 மார்ச்சில் விழிஞ்சம் அருகே முக்கோலையில், துறைமுகத்துக்குக் கல் கொண்டுபோன டிப்பரிலிருந்து பாறை ஒன்று உருண்டு விழுந்து, ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த மாணவர் ஒருவர் செத்துப்போனார். எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். வீட்டில் எத்தனை கனவு வைத்திருந்திருப்பார்கள்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் குறிவைக்கவில்லை. ஓட்ட வைத்தவரையும், ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. அபராதம் 20,000 ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், இறக்கும் செலவு வேறு. மிகைப் பாரத்தை இறக்காமல் வண்டியை நகர விடக்கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அபராதம் கட்டியதோடு விடக்கூடாது, பாரத்தை இறக்கியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இலேயே பரம்ஜித் பாசின் வழக்கில் சொல்லிவிட்டது. 113ஆம் பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓட்டியவர் உரிமையாளராக இல்லாவிட்டால், அது உரிமையாளருக்குத் தெரிந்தே, அவர் சொல்லியே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

இவ்வளவும் இருந்தும், ரசீது கிழித்த லாரி அதே பாரத்தோடு கிளம்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இறக்கி வைக்க இடமில்லை, ஆளில்லை என்பார்கள். இடம் ஒதுக்க வேண்டியது யார் வேலை?

விபத்து நடந்த இடங்களில் ஓரமாக நின்றிருக்கிறேன். முதலில் ஆம்புலன்ஸ். அடுத்து கூட்டம். பிறகு போக்குவரத்தைச் சரிசெய்ய வேண்டுமென்று ஒரு ஜேசிபி வந்து, சிதறிய ஜல்லியை அள்ளி இன்னொரு லாரியில் போட்டுவிடும். எல்லாரும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எவ்வளவு பாரம் ஏற்றியிருந்தார்கள் என்பதற்கான சாட்சி அந்த வாளியில்தான் போகிறது. எடைபோட்ட பிறகு அள்ளுங்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தகவல் அறிக்கையில் டிரைவர் பெயரும், அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாக ஒரு வரியும் இருக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறைக்குப் போகக்கூடியவர் அவர். இழப்பீட்டைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிடும். ஏற்றச் சொன்னவரும் ஏற்றியவரும் அந்தத் தாளில் எங்கும் இருக்க மாட்டார்கள்.

இருக்க வைப்பது கடினமான வேலை இல்லை. குவாரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு உண்டு. அதில் அளவு இருக்கிறது. எடை மேடையில் ஏறியிருந்தால் அந்தச் சீட்டும் இருக்கும். விபத்தன்றே விசாரணை அதிகாரி இரண்டையும் கைப்பற்றி, கிடக்கும் பாரத்தையும் எடைபோட்டு, குவாரிக்காரரையும் உரிமையாளரையும் வழக்கில் சேர்த்தால், மறுநாள் ராத்திரி ஜேசிபியின் வாளி எங்கே நிற்க வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.